எரிமலையின் வாசல் கதவு

(கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தெடுத்தார்களே, அந்தக் கரும்பாறை ஒரு காலத்தில் குழம்பாக ஓடியது. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய மகாராஷ்டிரம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவில் கிடந்தது. பூமிக்கடியிலிருந்து நெருப்பு பீறிட்டது. அடுக்கடுக்காகக் குழம்பு வழிந்து தக்காணப் பீடபூமி உருவானது. பிறகு நம் நிலம் வடக்கே நகர்ந்தது. நெருப்பு நம்மோடு வரவில்லை, கடலுக்கடியில் அங்கேயே தங்கிவிட்டது. நிலத்தட்டு தன் மேல் நகர நகர, வழியெல்லாம் அது தடம் விட்டுக்கொண்டே வந்தது. லட்சத்தீவும் மாலத்தீவும் நிற்கிற அடித்தளம் அந்தத் தடம்தான். மொரீஷியஸும் அதுதான். அந்த வரிசையில் கடைசியாகப் பிறந்த தீவு ரீயூனியன். பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிற கணக்கு இது. ஆக, அஜந்தாவைப் பெற்ற அதே நெருப்பு இன்றும் அணையவில்லை. அதை நேரில் பார்க்க வேண்டுமானால் ரீயூனியனுக்குத்தான் போக வேண்டும். அந்தத் தீவையும் அதன் எரிமலையையும் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தீவின் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நம் திருவள்ளூர் மாவட்டத்தைவிடச் சிறியது. மடகாஸ்கருக்குக் கிழக்கே கிடக்கிறது. பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். ஏறத்தாழ 9 லட்சம் பேர் வாழ்கிறார்கள். நடுவில் பிடோன் தே நேஜ் என்கிற மலை, 3,070 மீட்டர், பல ஆயிரம் ஆண்டுகளாக வெடிக்கவில்லை. தென்கிழக்கில் பிடோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். உலகத்தில் அடிக்கடி வெடிக்கிற எரிமலைகளில் இதுவும் ஒன்று. ஆண்டுக்கு ஒரு தடவையாவது குழம்பு கக்காவிட்டால் ஊர்க்காரர்களே ஆச்சரியப்படுவார்கள். வயது சுமார் 5 லட்சம் ஆண்டு. மலைக்கு அது குழந்தைப் பருவம். நம் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கல்லாயுதம் செய்த மனிதர்களுக்கு வயது 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு அம்மையாரின் குழு 2011இல் அறிவித்தது. அந்த மனிதர்கள் கொற்றலை ஆற்றங்கரையில் உட்கார்ந்து கல்லைக் கொத்திக்கொண்டிருந்த நாளில் இந்த மலை பிறக்கவே இல்லை.

இந்தத் தீவில் நமக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம்மவர்கள் வேலைக்காகத்தான் போனார்கள். 1848 டிசம்பர் 20ஆம் தேதி அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, 1860களில் மதராஸ் துறைமுகமும் சேர்ந்துகொண்டது. அதற்கு முன்பே, 1820களின் கடைசியில், ஏனாமிலிருந்து தெலுங்குக்காரர்கள் சிலர் போயிருந்தார்கள். இந்த எல்லையோர ஊரில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய இருக்கிறீர்கள், உங்களுக்காக இதைச் சொல்கிறேன். ஆட்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிப் புகார்மேல் புகார் வந்து, 1882இல் பிரிட்டிஷ் அரசு இந்த ஆளேற்றுமதியை நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் லட்சத்தைத் தொடும். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை.

அவர்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தம் எந்த மொழியில் இருந்தது? பிரெஞ்சில். கூலி எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, நோயில் படுத்தால் என்ன பிடித்தம், எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தது. படிக்கத் தெரிந்தவன் கையெழுத்து வாங்கினான், படிக்கத் தெரியாதவன் போட்டான். கப்பலிலிருந்து இறக்கியதும் நேரே தோட்டத்துக்கு விடமாட்டார்கள். கிராந்த் ஷாலூப் என்ற பள்ளத்தாக்கில் லாசரே என்கிற தனிமைக் கொட்டகைகளில் அடைத்து வைப்பார்கள், தொற்றுநோய் வந்துவிடக் கூடாதென்று. அந்தக் கட்டடத்தை இன்று புதுப்பித்து நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். ரீயூனியனுக்குப் போகிற தமிழர்கள் மலைக்கு முன்னால் அங்கே போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று ராமசாமி, முத்துசாமி என்று பிரெஞ்சு எழுத்தில் பெயர் எழுதுகிறார்கள். வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. தமிழ்ப் பேச்சு போய்விட்டது, ஆனால் தீமிதி போகவில்லை. சேந்த் ஆந்த்ரே, சேன் பியேர் போன்ற ஊர்களில் விரதமிருந்து பாஞ்சாலிக்குத் தீ மிதிக்கிறார்கள். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் எப்படியோ அப்படித்தான். கட்டை எரிந்து தணலாகி, தணலைப் பரப்பிச் சமன்செய்து, பெரியவர் பார்த்து ‘இறங்கலாம்’ என்று சொல்லும்வரை ஒருவரும் காலை வைப்பதில்லை. எரிமலை இருக்கிற தீவில் நெருப்புக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்தவர்கள் நம்மவர்கள்.

இப்போது மலைக்குப் போவோம்.

கடற்கரையிலிருந்து வண்டி ஏறும்போது கரும்பு. பிறகு மாடு மேயும் பசும்புல் வெளி. குளிர் ஏறிக்கொண்டே வரும். திடீரென்று புல் முடிந்து, சிவப்பும் கறுப்புமாகச் சாம்பல் வெளி விரிகிறது. மரம் இல்லை, நிழல் இல்லை. அதைக் கடந்தால் பா தெ பெல்கோம், 2,300 மீட்டர் உயரத்தில் வண்டிப் பாதை முடிகிற இடம். எட்டிப் பார்த்தால் நம் காலடியில் செங்குத்தாக ஒரு சுவர் இறங்குகிறது. அதற்கு அப்பால் எட்டுக் கிலோமீட்டர் அகலத்துக்கு உறைந்த குழம்பு. நடுவில் மலை. மூன்று பக்கம் சுவர், கிழக்கே மட்டும் கடலை நோக்கித் திறந்த வெளி. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலை உள்ளுக்குள் சரிந்து உண்டான இந்தப் பள்ளத்தை ஆங்க்லோ என்கிறார்கள். அந்த மலை கக்குவதில் பெரும்பகுதி இந்தச் சுற்றுச்சுவருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. உள்ளே வீடு கட்ட யாருக்கும் அனுமதி கிடையாது.

சுவரின் விளிம்பில் ஓர் இரும்புக் கதவு. கதவைத் தாண்டினால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. மலையேறப் போய் முதலில் இறங்க வேண்டியிருக்கிறது. திரும்பும்போது, சோர்ந்த காலோடு அத்தனை படியும் ஏற வேண்டும். அதைக் கணக்கில் வைக்காதவர்கள்தான் மாலையில் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள்.

கீழே இறங்கியதும் ஃபோர்மிகா லியோ என்று ஒரு சின்ன மேடு, 1753இல் வெடித்துக் குவிந்த சிவப்புச் சாம்பல் கூம்பு. அதன் பிறகு வழி என்று ஒன்று இல்லை. பாறைமேல் வெள்ளைச் சுண்ணப் புள்ளிகள் மட்டும் உண்டு. ஒரு புள்ளியில் நின்று அடுத்த புள்ளியைத் தேட வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் மேகம் இறங்கினால் பத்தடி தள்ளி இருக்கிற புள்ளி தெரியாது. வழி தப்பி, குளிரில் மாட்டிக்கொண்டு இறந்தவர்கள் உண்டு. நெருப்பைக் காட்டிலும் மூடுபனிதான் அங்கே பயணிகளுக்கு ஆபத்து.

பாறையில் கையை வைத்துப் பார்த்தேன். சில இடத்தில் பாறை வழவழவென்று கயிறு திரித்து வைத்த மாதிரி சுருண்டு கிடக்கிறது. குழம்பு ஓடும்போது மேல்தோல் ஆறி, அடியில் ஓட்டம் நிற்காமல் போக, தோல் மடிந்து மடிந்து சுருள்கிறது. அடுத்த பத்தடியில் அதே குழம்பு கசடு கசடாக, கையைக் கிழிக்கிற மாதிரி உடைந்து கிடக்கிறது. உடைந்த முகத்தில் பச்சைப் பச்சையாகச் சின்ன மணிகள் மின்னுகின்றன. ஒலிவீன் என்கிற கனிமம் அது. பொறுக்கிப் பையில் போட மனம் துடிக்கும். தேசியப் பூங்கா, ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது.

இங்கே உலையில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் குழம்பைப் பற்றி நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அந்த மலையின் குழம்பு வெளியே வரும்போது சுமார் 1,150 டிகிரி செல்சியஸ். ரோலிங் மில்லுக்குள் பில்லெட் போகிறதே, ஏறக்குறைய அதே சூடு. அதே ஆரஞ்சு நிறம். இண்டக்‌ஷன் ஃபர்னஸில் நாம் காய்ச்சுகிற இரும்பு 1,600 டிகிரி, அதைவிடச் சூடு அதிகம். மேலே ஸ்லாக் படிவதும், படிந்த தோல் ஒரு நொடியில் கறுப்பதும், அடியிலிருந்து வெடித்துச் சிவப்பு எட்டிப் பார்ப்பதும் நீங்கள் தினம் பார்க்கிற காட்சி. ஈரமான ஸ்கிராப் உள்ளே விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நீர் கணத்தில் ஆவியாகி உலை வெடிக்கும். அந்த மலையிலும் நிலத்தடி நீர் நெருப்பைச் சந்தித்தால் அதே கதைதான். 1860இல் அப்படி உச்சி வெடித்திருக்கிறது. அந்த மலையைச் சுற்றி வாழ்கிற மக்களையும் உலையைச் சுற்றி வாழ்கிற நம்மையும் நான் பக்கத்தில் வைத்துப் பேசுவது இதனால்தான்.

1977 ஏப்ரலில் நெருப்பு சுற்றுச்சுவருக்கு வெளியே, கிழக்குச் சரிவில், பிளந்துகொண்டு வந்தது. கீழே பிடோன் சேந்த் ரோஸ் என்ற கடலோர கிராமம். ஊரைக் காலி செய்தார்கள். குழம்பு தெருவுக்குள் புகுந்து வீடுகளை விழுங்கிக்கொண்டு வந்தது. மாதா கோயிலை நெருங்கி, வாசலுக்குள் கொஞ்சம் நுழைந்து, இரண்டாகப் பிரிந்து கட்டடத்தின் இரண்டு பக்கமும் ஓடிப் போனது. இன்றும் அந்தக் கோயில் கறுப்புப் பாறைக்கு நடுவில் நிற்கிறது. உயிர்ச்சேதம் இல்லை. பக்தர்கள் அதை அற்புதம் என்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் அற்புதம் என்று நினைப்பது அடுத்து நடந்ததை. மலை எப்போது வெடிக்கும், எங்கே வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு கிராமம் எரிந்துவிட்டதே என்று அரசு வெட்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1979இல், பூர் முரா என்ற மலையூரில் எரிமலை ஆய்வகம் எழுந்தது. பாரிஸ் புவி இயற்பியல் நிறுவனத்தின் கீழ் அது இன்றும் இரவு பகலாக இயங்குகிறது.

மலை மேல் நூற்றுக்கு மேற்பட்ட கருவிகள் பதித்திருக்கிறார்கள். நில அதிர்வுமானி பாறை விரிசல் விடும் மெல்லிய நடுக்கத்தைப் பிடிக்கிறது. சாய்வுமானி, மலையின் சரிவு இம்மியளவு சாய்ந்தாலும் சொல்கிறது. அடியில் குழம்பு சேரச் சேர மலை உப்புகிறது. சில செண்டிமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் வழி நிலை காட்டும் கருவிக்குத் தெரியும். மண்ணிலிருந்து கசிகிற வாயுவை அளக்கிறார்கள். வெடிப்பதற்குச் சில மணி நேரம், சிலசமயம் சில நிமிடம் முன்னால், நூற்றுக்கணக்கில் குட்டி அதிர்வுகள் வரிசை கட்டி வரும். அந்தக் கணத்தில் ஆய்வகம் மாவட்ட ஆட்சியருக்குச் சொல்கிறது. ஆட்சியர் எச்சரிக்கையின் படிநிலையை அறிவிக்கிறார். பெல்கோமில் அந்த இரும்புக் கதவு மூடப்படுகிறது. உள்ளே போனவர்களை வெளியே அழைத்து வருகிறார்கள்.

இதில் நான் மிகவும் மதிப்பது கருவிகளை அல்ல. கருவியை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். ஆய்வகம் தான் அளந்ததை எல்லாருக்கும் சொல்கிறது. எத்தனை அதிர்வு, மலை எவ்வளவு உப்பியிருக்கிறது, வாயு கூடியதா குறைந்ததா என்று எழுதி வெளியிடுகிறது. கணித்தபடி வெடிக்காமல் போனால் அதையும் சொல்கிறது. இப்படித்தான் அந்தக் கதவுக்கு மரியாதை வந்தது. மூடியிருந்தால் ஏன் மூடியிருக்கிறது என்று டீக்கடையில் இருக்கிறவருக்கும் தெரியும். தாண்டிக் குதிக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. காவலர் பிடித்து அபராதம் போடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் கறிச் சட்டியும் சோறுமாக விளிம்பிலோ கடலோரச் சாலையிலோ உட்கார்ந்து, தூரத்திலிருந்து இரவு முழுக்க நெருப்பைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

2007இல் இந்த எச்சரிக்கை ஏற்பாடு சோதிக்கப்பட்டது. ஏப்ரல் 2ஆம் தேதி, கடலுக்கு மிக அருகில், 600 மீட்டர் உயரத்தில் மலை பிளந்தது. குழம்பு நெடுஞ்சாலையை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. சில நாளில் மலையுச்சியின் பெரிய வாய், தொலோமியு, அடியில் இருந்த குழம்பு வடிந்து போனதால் 300 மீட்டருக்கும் அதிகமாக உள்ளே சரிந்தது. நூற்றாண்டில் காணாத வெடிப்பு என்றார்கள். கடலோரத்தில் புதிதாக நிலம் உண்டானது. கொதித்த கடலில் ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன. அறிவியல் அதுவரை பார்த்திராத இனங்களும் அவற்றில் இருந்தன. பழவேற்காட்டு மீனவ நண்பர்கள் இதை நினைத்துப் பாருங்கள், வலை போடாத ஆழத்து மீன் மேலே வந்து கிடக்கிறது. அத்தனைக்கும் நடுவில் மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

அந்தக் கடலோரச் சாலையில் இன்று போகலாம். குழம்பு ஓடிய ஒவ்வொரு இடத்திலும் ஆண்டு எழுதிய பலகை நிற்கிறது. பழைய ஓட்டத்தின்மேல் காடு வந்துவிட்டது. புதியதில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு கற்பாசி படர்ந்திருக்கிறது. கற்பாசி மக்கி மண்ணான பிளவில் ஒரு பெரணி. பெரணிக்குப் பக்கத்தில் விரலளவு மரக்கன்று. அந்தப் பலகைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு நடந்தால், வெறும் பாறை காடாவதன் ஒவ்வொரு கட்டமும் சில கிலோமீட்டருக்குள் கண்முன்னே நிற்கிறது. எனக்கு அந்த மலையில் உச்சியைவிட இந்தச் சாலை பெரிது.

அதே 2007இல்தான் தீவின் உட்பகுதி தேசியப் பூங்காவானது. ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல். தீவின் பரப்பில் 42 விழுக்காடு. 2010இல் யுனெஸ்கோ அதன் சிகரங்களையும் பள்ளத்தாக்குகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைக்க வேண்டாம். அங்கே மலை தன்னைத்தானே உடைத்துக்கொள்ள விடுகிறார்கள். காப்பது மனிதக் கையிடமிருந்துதான். அதிலும் மனிதன் கொண்டுவந்து நட்ட செடிகளோடு பெரிய போராட்டம். சிவப்புச் சிறு கொய்யா ஒன்று பிரேசிலிலிருந்து வந்து, நம் சீமைக்கருவேலம் போலக் காட்டை விழுங்குகிறது. பழம் ருசியாக இருப்பதால் மக்கள் அதற்கு விழாவே எடுக்கிறார்கள். பிடுங்கப் போகிற வனக்காரருக்குத்தான் தர்மசங்கடம்.

ஒரு பறவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாரோ பெட்ரல் என்கிற கடற்பறவை. உலகத்திலேயே இந்தத் தீவின் உச்சிகளில்தான் கூடு கட்டுகிறது. 1964இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். குஞ்சு வளர்ந்து முதன்முறை கடலைத் தேடிப் பறப்பது இரவில். கீழே தெருவிளக்கும் விளையாட்டு மைதான விளக்கும் எரிகிற வெளிச்சத்தில் கண் மயங்கி ஊருக்குள் விழுந்துவிடுகிறது. விழுந்தால் தானாக எழும்பிப் பறக்க முடியாது. அதனால் அந்தப் பருவத்தில் ஊர்கள் விளக்கணைக்கின்றன. விழுந்ததைப் பார்க்கிறவர்கள் அட்டைப் பெட்டியில் வைத்துப் பறவை அமைப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நம் கரையில் ஆமைக் குஞ்சுகள் சாலை விளக்கைப் பார்த்துக் கடலுக்கு முதுகு காட்டி நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்தியாவில் இப்படி ஓர் எரிமலை இல்லையா என்றால், உண்டு. அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர் தொலைவில் பேரன் தீவு. நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலை. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் தூங்கி 1991இல் விழித்தது. ஆளில்லாத தீவு. கப்பலில் சுற்றிப் பார்க்கலாம், காலை வைக்க முடியாது. அதற்கு வடக்கே நார்கொண்டம், உறங்கும் எரிமலை. உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாட்சி இனம் அங்கே இருக்கிறது. அங்கே ராடார் நிறுவும் திட்டத்தை 2012இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பறவைக்காக மறுத்தது. அப்போது அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜெயந்தி நடராஜன். நல்ல முடிவு அது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் மூக்கு எரிந்து, மூச்சு முட்டி எழுந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனை போனார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்ன வாயு என்று தெரியாமலே ஓடினார்கள். கிராமத்தின் முதல் எச்சரிக்கை அவரவர் மூக்குதான். 1977இல் ரீயூனியனின் அந்தக் கடலோர கிராமத்துக்கு மலையின் உறுமலாவது கேட்டது.

நம்மிடம் சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான பொருளைக் கையாளுகிற ஆலை தன் தொழிலாளிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் அதன் ஆபத்தைத் தெரிவித்தாக வேண்டும் என்று எழுதினார்கள். அபாயக் கழிவு வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம், ஆலை வாசலுக்கு வெளியே பலகை வைத்து, உள்ளே இருக்கிற ரசாயனம் என்ன, எவ்வளவு, வெளியேறுகிற புகையும் கழிவும் எவ்வளவு என்று காட்டச் சொன்னது. தொழிற்பேட்டைச் சாலைகளில் நடந்தால் அந்தப் பலகைகளைப் பார்க்கலாம். சிலவற்றில் எண் தெளிவாக இருக்கும். சிலவற்றில் சுண்ணக்கட்டியால் எழுதிய எண்ணை மழை அழித்துப் பல நாள் ஆகியிருக்கும். செடி மறைத்து நிற்பதும் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் அபாயச் சங்கு மாதக்கணக்கில் ஊதாமல் கிடந்தது. ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று வெளியே குடியிருந்த ஒருவருக்கும் யாரும் சொன்னதில்லை.

அந்தத் தீவு பணக்கார நாட்டின் பகுதி, நம்மால் ஆகுமா என்று சிலர் கேட்பீர்கள். மலையை அளப்பதற்குத்தான் பணம் வேண்டும். ஆலைக்குள் என்ன இருக்கிறது என்பது ஆலைக்கு ஏற்கனவே தெரியும். புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை, தெரிந்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எரிமலைக்கு நோக்கம் கிடையாது. அது எதையும் மறைக்கவில்லை, ஆனாலும் அதைப் படிக்க இத்தனை கருவி தேவைப்பட்டது. மனிதன் கட்டிய உலையைப் படிக்க, அதன் வாசலில் இன்றைய தேதியோடு ஒரு பலகை போதும்.

அந்தப் பலகை எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். இன்று இந்தத் தொழிற்பேட்டையில் உலை மேடையில் நிற்கிற தம்பிகளில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். சென்ட்ரலில் இறங்கி, மின்சார ரயிலேறிக் கும்மிடிப்பூண்டிக்கு வருகிறார்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிய எச்சரிக்கையை அவர்களில் எத்தனை பேர் படிப்பார்கள்? பிரெஞ்சுக் காகிதத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறிய நம் பாட்டன்களுக்காக நமக்கு நெஞ்சு வலிக்கிறது. வலிக்க வேண்டியதுதான். அப்படியானால் ஒடியாவிலும் இந்தியிலும் அந்தப் பலகையை எழுதி வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டியவர்களும் நாம்தான். இந்த அரங்கில் தொழிற்சங்கத் தோழர்கள் இருக்கிறீர்கள், சிறு ஆலை நடத்துகிற முதலாளிகள் சிலரும் வந்திருக்கிறீர்கள். இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொல்கிறேன். பெயிண்ட் செலவுதான் ஆகும்.

கடைசியாக ஒன்று. முன்வரிசையில் இருக்கிற மாணவர்கள் அந்த எரிமலைக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். மொரீஷியஸ் போய் அங்கிருந்து குட்டி விமானத்தில் முக்கால் மணி நேரம் பறந்தால் ரீயூனியன். மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. ஜனவரி, பிப்ரவரி புயல் காலம், தவிர்த்துவிடுங்கள். 2007 பிப்ரவரியில் ஒரு புயலின்போது இந்த மலையின் கொமெர்சோன் பள்ளத்தில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர் மழை கொட்டியது, உலக சாதனை. நமக்கு மூன்று வருடம் பெய்கிற மழை அது. மலைக்குப் போகிற அன்று விடியுமுன் கிளம்பி, மேகம் ஏறுவதற்குள் உச்சியைத் தொட்டுவிட வேண்டும். போய்வர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்ணீர், குளிருக்கு உடுப்பு, கனத்த அடியுள்ள காலணி கட்டாயம், செருப்பு ஆகாது. முந்தின நாள் ஆய்வகத்தின் அறிக்கையைப் பார்த்துவிடுங்கள். கதவு மூடியிருந்தால் வருத்தப்பட வேண்டாம். சுவர் விளிம்போடு பிடோன் தெ பெர் வரை ஒரு நடைபாதை போகிறது, மலை கக்குகிறபோது ஊர்க்காரர்களே அங்கிருந்துதான் பார்க்கிறார்கள்.